பொய்யென ஒதுக்கப்பட்ட சான்று

கருவுற்ற பெண்ணொருத்தி முதன்முறையாகத் தாய்சேய் நல நிலையத்துக்குச் செல்லும்பொழுது அவளிடமிருந்து சிறிதளவு குருதி எடுக்கப்படுகின்றது. அக்குருதியிற் செய்யப்படும் சோதனைகளுள் வீ. டி. ஆர். எல். என்பதும் ஒன்று. சிபிலிஸ் எனப்படும் மேகநோய் அவளிடத்தே உள்ளதா என்று அறிவதே அதன் நோக்கம். அந்நோய் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்த நாடென இலங்கை 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. அதற்கு இத்தகைய குருதிச் சோதனையும் ஒரு காரணம் எனலாம்.

இச்சோதனையின் வரலாற்றிலே, நேயர்கள் பலரும் கேட்டிராத கிளைக்கதை ஒன்றுண்டு. வயிற்றில் உருவான பிள்ளையை மீண்டும் மீண்டும் இழந்த பெண்கள் சிலருடைய துயரின் காரணம், இச்சோதனைக் குழாய்க்குள்ளேயே பல்லாண்டு காலம் தெரிந்துகொண்டிருந்தது. கண்டவர் பலர், கண்டும், "இது பொய்யான விடை" என்று குறித்து அப்பால் வைத்துவிட்டனர். அந்தக் கதையையே இன்று கூற விழைகின்றேன்.

1905ஆம் ஆண்டிற் பேர்லின் நகரிலே ஷௌடின், ஹொப்மன் என்னும் இருவர் சிபிலிஸ் நோயை விளைக்கும் திருகுவடிவக் கிருமியைக் கண்டறிந்தனர். மறு ஆண்டிலேயே ஓகஸ்ட் வாசர்மன் என்பார், நைசர், புறுக் ஆகியோருடன் சேர்ந்து, அந்நோய்க்கு ஒரு குருதிச் சோதனையை வகுத்தார். கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுக்க அவர்களுக்கு வழியில்லை. ஆகவே, தாயின் வயிற்றிலேயே அந்நோயாற் பீடிக்கப்பட்டு இறந்த சிசுக்களின் ஈரலை நாடினர். அவ்வீரலிற் கிருமிகள் எண்ணிறந்து காணப்படும். ஈரலிலிருந்து எடுத்த சாற்றை, நோயாளியின் குருதி உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீர்ப்பாயத்தோடு சேர்த்துச் சோதித்தபொழுது, நோயுள்ளவரின் நீர்ப்பாயம் வினைபுரிந்தது; ஏனையோரது வாளாவிருந்தது.

கிருமியை எதிர்த்து உடல் ஆக்கிக்கொள்ளும் பிறபொருளெதிரி, கிருமி நிறைந்த சாற்றோடு வினைபுரிகின்றது என்பது அவர்தம் விளக்கம். விளக்கம் தெளிவானதுதான், ஆனாற் பிழையானது. கிருமியே இல்லாத நல்ல உறுப்பின் சாறும் அதே விடையைத் தரும் என்பது ஓரிரு ஆண்டுகளுள் வெளியாயிற்று. பின்னர் மாட்டின் இதயத்தை மதுசாரத்தில் ஊறவைத்து வடித்த சாறே சோதனைக்கு வழக்கமாயிற்று. சோதனையை எவரும் கைவிடவில்லை. அது பயன்பட்டதே போதும் என்றிருந்தனர். பிழையான கருத்திலிருந்து பயனுள்ள சோதனை பிறந்த இந்த விந்தையையே பொருளாகக் கொண்டு, போலந்து நாட்டு வைத்தியரான லுட்விக் பிளெக் 1935இல் ஒரு நூல் எழுதினார். அந்நூல் அக்காலத்தில் அதிகம் கவனிக்கப்படவில்லை.

மாட்டிதயச் சாற்றில் வினைபுரியும் பொருள் யாதென்பதை 1941இற் கண்டவர் ஒரு பெண்மணி. நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய மேரி பாங்போர்ன் அதனைப் பிரித்தெடுத்துக் கார்டியோலிப்பின் எனப் பெயரிட்டார். பொசுபரசு சேர்ந்த கொழுப்புகளாகிய பொஸ்போலிப்பிட்டு என்னும் வகையைச் சார்ந்தது அது. இவ்வகைக் கொழுப்புகளாலேயே நம் உடலின் ஒவ்வொரு கலத்தின் சவ்வும் ஆக்கப்பட்டிருக்கின்றது. இங்கே நேயர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். சோதனை காட்டியது கிருமியை எதிர்க்கும் பொருளை அன்று. உடலுக்கே உரிய கொழுப்பொன்றை எதிர்க்கும் பொருளை. சிபிலிஸ் உள்ளவரிடத்தே அது பெரிதும் தோன்றும் என்பது மெய். வேறெவரிடத்தும் தோன்றாது என்பதற்கு ஆதாரம் எதுவும் இருக்கவில்லை.

அது வேறு பலரிடத்தும் தோன்றவே செய்தது. அமெரிக்காவிலே 1935இற் கனெற்றிக்கட் மாநிலம் மணமக்களுக்கு இச்சோதனையைக் கட்டாயமாக்கியது. வேறு பல மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. இரண்டாம் உலகப் போரின்போது படையிற் சேர வந்தோர் அனைவரும் சோதிக்கப்பட்டனர். இவ்வாறு பெருந்தொகையினரின் குருதியைப் பார்க்கப் பார்க்க, மேகநோய்க்கு யாதொரு வாய்ப்புமில்லாதவர் சிலரிடத்தும் விடை 'நேர்' என்று வந்தது. மலேரியாவோ வேறு காய்ச்சலோ கண்டவர்க்குச் சில மாதங்கள் அவ்வாறிருந்து மறைந்ததுண்டு. ஆனால், ஒரு சிலரிடத்தே ஆண்டுக்கணக்காக அது மாறாமலே நின்றது. அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள்.

திருமணத்துக்கு நாட்குறித்த பெண்ணிடம் இவ்விடை வந்தால் என்னாகும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். நோயில்லாத நோய்க்கு, பென்சிலின் வருமுன்னர் வழங்கிய பாசாணம் கலந்த ஊசிமருந்தும் ஏற்றப்பட்டது. அவளுடைய சொல்லை நம்புவதா, கண்ணாடிக் குழாயை நம்புவதா என்ற வழக்கிலே பெரும்பாலும் குழாயே வென்றது.

1949இல் நெல்சன், மேயர் என்னும் இருவர் உயிருள்ள கிருமியையே கொண்டு செய்யும் சோதனையொன்றை வகுத்த பின்னர்தான் இப்பெண்களின் சொல் மெய்யென நிலைநாட்டப்பட்டது. அவர்களுடைய பழைய விடைக்கு 'உயிரியற் பொய்நேர்' என்று பெயர் வந்தது. பழி நீங்கியது, நன்றே. ஆயினும், 'பொய்' என்ற சொல்லே இன்னொரு கதவை அடைத்துவிட்டது. பொய்யென்று கண்டபின் அதனை யார் ஆராய்வார்? பால்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையிலே ஜோசப் ஏர்ள் மூர் என்பவர் மாத்திரம் அப்பெண்களைத் தொடர்ந்து கவனித்தார். 1952ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் மூரும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட கட்டுரைகள், நிலையான பொய்நேர் விடையுடையோரிற் பலர் காலப்போக்கில் லூப்பஸ் என்னும் நோய்க்கு ஆளாவதைக் காட்டின. உடலைக் காக்கவேண்டிய பிறபொருளெதிரிகள் உடலையே பகையெனக் கருதித் தாக்கும் நோய் அது.

அதே 1952இல், அதே மருத்துவமனையிலே, கொன்லி, ஹாட்மன் என்னும் குருதியியல் வைத்தியர் இருவர் வேறொன்றைக் கண்டனர். லூப்பஸ் நோயாளர் இருவரின் குருதி சோதனைக் குழாயில் உறையத் தாமதித்தது. நல்ல குருதியோடு கலந்தபோதும் அக்குறை நீங்கவில்லை. எனவே உறைதலைத் தடுக்கும் பொருளொன்று அதிலே சுற்றிவருகின்றது என்று முடிவு செய்தனர். குழாயில் உறையாத குருதி உடலிற் பெருக்கெடுக்கும் என்றுதானே எவரும் எதிர்பார்ப்பர்? நடந்ததோ மறுதலை. 1963இல் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த போவி முதலியோர், இத்தகைய தடைப்பொருள் இருந்தும் லூப்பஸ் நோயாளர் சிலருடைய நாளங்களிலே குருதி உறைந்து அடைத்துக்கொண்டதை எடுத்துக்காட்டினர்.

இம்முரண்பாட்டின் விளக்கம் எளிது. சோதனைக் குழாயிற் குருதி உறைவதற்குப் பொஸ்போலிப்பிட்டு ஒரு தளம்போல உதவுகின்றது. பிறபொருளெதிரி அத்தளத்தைப் பற்றிக்கொண்டால் உறைதல் தாமதிக்கும். உடலினுள்ளோ தளங்களுக்குக் குறைவில்லை. அங்கே அப்பிறபொருளெதிரி நாளங்களின் உட்சுவரையும் குருதித் தட்டுகளையும் கிளறிவிட்டு உறைதலைத் தூண்டுகின்றது. 1972இல் இப்பொருளுக்கு 'லூப்பஸ் உறைவெதிரி' என்ற பெயர் இடப்பட்டது. இதனினும் பொருந்தாத பெயர் மருத்துவ நூல்களில் அரிது. உடலில் அது உறைவை எதிர்ப்பதுமில்லை. அதனை உடையார் பலருக்கு லூப்பஸ் நோயுமில்லை. ஆயினும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

இனி மகப்பேற்றுக்கு வருவோம். 1954இலேயே பிரான்சு நாட்டு போமொன் என்பவர், இத்தகைய உறைவெதிரி இருந்த பெண்ணொருத்தி பலமுறை கருவிழந்தவள் என்பதைக் குறித்திருந்தார். சுவீடன் தேசத்து இங்கா மரீ நில்சன் 1957இல் உறைவெதிரியையும் பொய்நேர் விடையையும் இணைத்து எழுதியவர். 1975இல், கருப்பையிலே பிள்ளை இறத்தலோடும் உறைவெதிரியைத் தொடர்புபடுத்தினார். 1980இற் பாரிஸ் நகரத்துச் சூலியே, பொஃபா இருவரும் மூன்று பெண்களின் வரலாற்றை வெளியிட்டனர். மூவரும் பலமுறை கருச்சிதைந்தவர், மூவருக்கும் குருதிக்கட்டிகள், மூவரிடத்தும் உறைவெதிரி.

முதற் குறிப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள். இத்துணைக் காலம் ஏன் சென்றதென்று வினவுதல் தகும். குருதியியல் வைத்தியர் குழாயைப் பார்த்தார். மேகநோய் வைத்தியர் பொய்நேர் விடையைப் பார்த்தார். மகப்பேற்று வைத்தியரிடம் வந்தவளோ இவ்விரண்டையும் அறியாதவள். பிள்ளை தங்காமை அவளுடைய உடற்குறை, அல்லது விதி, என்பதே எங்கும் நிலவிய எண்ணம். நம் ஊர்களிலும் அவ்வாறே. அப்படிப்பட்டவளை வளைகாப்புக்கு அழையாமல் விடும் வீடுகளை நாம் அறியாதவர்களல்லர்.

சிதறிக்கிடந்த துண்டுகளை ஒன்றுசேர்த்த பெருமை இலண்டன் ஹமர்சிமித் மருத்துவமனைக் குழுவினரைச் சாரும். அதன் தலைவர் கிரஹாம் ஹியூஸ், 1975ஆம் ஆண்டளவில் யமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரிற் பணியாற்றியபொழுது, முள்ளந்தண்டு நரம்பு நோயாற் கால் வலுவிழந்தோர் சிலரிடத்தே பொய்நேர் விடையைக் கண்டு அதுபற்றிச் சிந்தித்தவர். 1983இல் அவர், நாள அடைப்பு, கருச்சிதைவு, மூளைநோய், உறைவெதிரி ஆகிய நான்கும் ஒரே நோயின் முகங்கள் என்று எழுதினார். அதே ஆண்டில், கயானா தேசத்தவரான நைஜல் ஹரிஸ், அஸீஸ் கராவி முதலியோருடன் கூடி, கார்டியோலிப்பினை எதிர்க்கும் பிறபொருளெதிரியை நேரே அளக்கும் முறையை வெளியிட்டார். பழைய சோதனையினும் பன்மடங்கு நுண்ணியது இது. பாங்போர்ன் அம்மையார் மாட்டிதயத்திலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள் இப்பொழுது வேறொரு வினாவுக்கு விடையளிக்கத் தொடங்கிற்று. அன்று 'பொய்' எனப்பட்டது ஒரு நோயின் அடையாளமாயிற்று. பொஸ்போலிப்பிட்டெதிர் நோய்க்கூட்டம் என்று இன்று அதனைச் சொல்கிறோம். ஹியூஸ் நோய் என்பாரும் உளர்.

பிறபொருளெதிரி உண்மையிற் பற்றுவது கொழுப்பை மாத்திரமன்று, அக்கொழுப்பின்மேல் வந்தமரும் 'பீற்றா-2 கிளைக்கோபுரதம்-1' என்னும் குருதிப் புரதத்தை என்பது 1990இல் அவுஸ்திரேலியா, யப்பான், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் ஆய்வாளரால் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளியாயிற்று.

உடலெங்கும் சுற்றிவரும் இப்பொருள் பிள்ளையை ஏன் தாக்கவேண்டும்? அதனை அறியச் சூல்வித்தகத்தை அறிதல் வேண்டும். நச்சுக்கொடி என்று நம் மருத்துவிச்சிமார் கூறுவது இதனையே. நஞ்சென்று பெயர் பெற்றதாயினும், பிள்ளைக்கு உணவும் உயிர்வளியும் ஊட்டுவது இதுவே. தாயின் குருதியும் சேயின் குருதியும் இங்கே கலப்பதில்லை. சேயின் குருதி மரக்கிளைபோற் பிரிந்த நுண்விரல்களுக்குள் ஓட, தாயின் குருதி அவ்விரல்களை வெளியே நனைத்துச் செல்கின்றது. அவ்விரல்களின் மேற்பரப்பை விரித்தாற் பத்துச் சதுர மீற்றருக்கும் மேற்படும். நிறைமாதத்திலே, நிமிடத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாத குருதி தாயிடமிருந்து கருப்பைக்கு வந்துசேர்கின்றது.

இவ்வளவு குருதி வருவதற்காக, கர்ப்பத்தின் முற்பாதியிலேயே ஒரு பெரிய வேலை நடைபெறுகின்றது. சூல்வித்தகத்தின் வெளிக்கலங்கள் கருப்பையின் சுவருக்குட் புகுந்து, அங்குள்ள சுருள்நாடிகளின் தசைச்சுவரைக் கரைத்து, ஒடுங்கிய குழாய்களை வாயகன்ற கால்வாய்களாக்குகின்றன. வயலுக்கு நீர் பாயுமுன் வாய்க்காலை வெட்டி அகலப்படுத்துவது போன்றதே இது. வேறொரு புதுமையும் இங்குண்டு. உடலில் மற்றெங்கும் குருதி நாளத்தின் வழவழப்பான உட்சுவரைத் தொட்டே ஓடும். இங்கோ தாயின் குருதி நாளத்தை விட்டு வெளியேறி, சேயின் கலங்களைத் தொட்டுக்கொண்டு மெல்ல நகர்கின்றது. அவ்வாறு நகர்ந்தும் உறையாமலிருப்பதே வியப்பு. அதேவேளையில், அக்கலங்கள் ஒன்றோடொன்று இணைந்து வளரும்பொழுது, வழக்கமாகக் கலத்தின் உட்பக்கத்தில் மறைந்திருக்கும் பொஸ்போலிப்பிட்டு வகையொன்று வெளிப்பக்கத்தே தோன்றுகின்றது. கிளைக்கோபுரதம் அதன்மேல் அமர்கின்றது. அதனைத் தேடித் திரியும் பிறபொருளெதிரி அங்கே வந்து பற்றுகின்றது. பகைவனுக்கு வாயிலைத் திறந்து வைத்தது போலாகிவிடுகின்றது.

விளைவு பெண்ணுக்குப் பெண் வேறுபடும். ஒருத்திக்குக் கரு மூன்றாம் மாதத்துக்குள் அழியும். வேறொருத்திக்கு, துடித்துக்கொண்டிருந்த பிள்ளை ஐந்தாம் ஆறாம் மாதத்தில் அசைவற்றுப் போகும். சிலருக்கு வாய்க்கால் அகலாமையாற் பிள்ளை மெலியும். தாயின் குருதியழுத்தம் உயர்ந்து, வலிப்பு வருமுன் மகப்பேற்றை விரைவுபடுத்த நேரும். தாய்க்குங்கூடக் காலிலோ நுரையீரலிலோ மூளையிலோ குருதிக்கட்டி தோன்றலாம். பிரசவத்துக்குப் பிந்திய ஆறு வாரங்களும் அபாயமானவையே. 1982இற் பெல்ஜியத்து லூவென் நகர வைத்தியர்கள், இத்தகைய பெண்ணொருத்தியின் சூல்வித்தகம் பெரும்பகுதி குருதியோட்டமின்றி மடிந்து கிடந்ததை விவரித்தனர். குருதி உறைந்து அடைத்தது, பிள்ளை பட்டினியால் இறந்தது என்ற விளக்கம் அதனால் வலுப்பெற்றது.

பரிகாரத்தை முதலில் முயன்றவர்களுள் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்தார் குறிப்பிடத்தக்கவர். 1983இல் லப், லிகின்ஸ் முதலியோர், பிறபொருளெதிரியை அடக்கப் பிரட்னிசோன் என்னும் மருந்தையும், சிறிதளவு அஸ்பிரினையும் கொடுத்து, பலமுறை இழந்த பெண்கள் உயிருள்ள பிள்ளையைப் பெற்றதை அறிவித்தனர். ஆனாற் பிரட்னிசோன் தாயை வருத்தியது. பிள்ளைகள் நாள் நிறையுமுன் பிறந்தன. 1992இல் அமெரிக்காவிற் செய்த ஒப்பீடு, ஹெப்பாரின் என்னும் ஊசிமருந்து அதே பயனைக் குறைந்த தீங்கோடு தருவதைக் காட்டிற்று.

ஹெப்பாரினும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் தோன்றியதே. ஜே மக்லீன் என்ற மாணவர் 1916இற் கண்ட ஆய்வின் வழியே அது வந்தது. கிரேக்க மொழியில் ஈரலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. அதன் பெருஞ்சிறப்பு, சூல்வித்தகத்தைக் கடந்து சேயிடம் செல்லாமையே. வார்பரின் என்ற மாத்திரையோ கடந்து சென்று கருவின் உறுப்புகளைக் கெடுக்கவல்லது.

1997இல் இலண்டன் சென் மேரிஸ் மருத்துவமனையில் ராய், ரீகன் முதலியோர் தொண்ணூறு பெண்களை இரு பகுதியாக்கினர். அஸ்பிரின் மாத்திரம் பெற்ற 45 பேரில் 19 பேர் உயிருள்ள பிள்ளை பெற்றனர். ஹெப்பாரினும் சேர்த்துப் பெற்ற 45 பேரில் 32 பேர் பெற்றனர். எனினும் 2002இல் லிவர்பூல் நகரத்தார் செய்த ஆய்வில் இவ்வேறுபாடு பெரிதாகக் காணப்படவில்லை. நூற்றுக்கு 72, 78 என்றே விடை வந்தது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்த வைத்தியருலகம் அஸ்பிரினையும் ஹெப்பாரினையும் சேர்த்தே வழங்கி வருகின்றது. அதுவே தக்கதென்பது என் எண்ணமும். தினந்தோறும் தன் வயிற்றுத் தோலிலே தானே ஊசியேற்றிக்கொள்ளும் அப்பெண்ணின் பொறுமை இவ்வெண்களில் அடங்குவதன்று.

இத்தோடு கதை முடிந்ததென்று எண்ணியவர்க்கு 2004இல் ஓர் அதிர்ச்சி. நியூயோர்க்கில் ஜிராடி, சால்மன் முதலியோர் இப்பிறபொருளெதிரியைச் சூலுற்ற சுண்டெலிகளுக்கு ஏற்றினர். ஹெப்பாரின் கரு அழிவைத் தடுத்தது. உறைதலைத் தடுக்கவல்ல வேறு மருந்துகள் தடுக்கவில்லை! பிள்ளையைக் காத்தது உறைதடுப்பு அன்று. 'கொம்பிளிமென்ற்' எனப்படும் அழற்சிப் புரதங்களின் கிளர்ச்சியை ஹெப்பாரின் அடக்கியதே என்று அவர்கள் முடிவு செய்தனர். இழந்த பெண்களின் சூல்வித்தகங்களை நுணுகி ஆராய்ந்தவர்களும், பலவற்றிற் குருதிக்கட்டியே இல்லாமையைக் கண்டிருக்கின்றனர். வெளிக்கலங்கள் சுவருக்குட் புகுந்து வாய்க்கால் வெட்டும் வேலையையே பிறபொருளெதிரி தடுப்பதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. ஆக, மருந்து சரியாக இருந்தது. அதற்குச் சொன்ன காரணமே குறையுடையதாக இருந்தது. வாசர்மன் காலத்துச் செய்தி மீண்டும் வந்ததுபோலும்!

கருவிழந்த பெண்கள் எல்லோரும் இந்நோயுடையவர் என்று நேயர்கள் கருதிவிடலாகாது. முதல் மூன்று மாதங்களில் நேரும் இழப்புகளிற் பெரும்பகுதி, கருவின் நிறமூர்த்தங்களில் நேர்ந்த தற்செயலான பிழையால் வருவது. அதற்குத் தாயின் குருதி பொறுப்பன்று. நல்ல உடல்நலமுடையாரிடத்தும் இப்பிறபொருளெதிரி சிலகாலம் தோன்றி மறைவதுண்டு. எனவேதான், பன்னிரண்டு வார இடைவெளியில் இருமுறை சோதித்து, இருமுறையும் இருந்தாலன்றி நோயென்று கொள்ளலாகாது என 2006இல் வெளியான விதிகள் வகுத்தன. அவ்விதிகள் பத்து வாரத்துக்கு முன் தொடர்ந்து மூன்று கருவிழந்தவளையும் நோயாளியாக எண்ணின. 2023இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோயியற் சங்கங்கள் வெளியிட்ட புதிய விதிகளோ, அத்தகைய முற்கால இழப்பு மாத்திரம் போதாது என்கின்றன. அவை ஆராய்ச்சிக்குரியோரைத் தெரிவதற்கான விதிகளே. சிகிச்சைக்குரியவளைத் தெரிவதற்கன்று என்று அச்சங்களே சொல்லியிருக்கின்றன. ஆயினும், மூன்று பிள்ளைகளை இரண்டாம் மாதத்தில் இழந்து, இருமுறையும் சோதனையில் 'நேர்' என்று வந்த பெண்ணுக்கு ஊசி வேண்டுமா, வேண்டாவா என்ற வினாவிலே வைத்தியரிடையே இன்னும் ஒருமைப்பாடு இல்லை.